கேள்வி – பதில்: முகப்பில் மாட்டிய பங்குப் பத்திரம்

கேள்வி: அமெரிக்காவில் வேலை பார்க்கும் என் பேரன், 'கிரீன் பே பேக்கர்ஸ்' என்னும் கால்பந்து அணியின் பங்கு ஒன்றை 2021இல் 300 டாலருக்கு வாங்கினானாம். அந்தப் பத்திரத்தைச் சட்டம் போட்டுக் கொண்டுவந்து, எங்கள் வீட்டு முகப்பில் அவனுடைய ஐயாவின் படத்துக்கு அருகில் மாட்டிவிட்டான். ஈவுத்தொகை எப்போது வரும் என்று கேட்டால் சிரிக்கிறான். விளக்குவீர்களா?
– ஓர் ஆச்சி, கானாடுகாத்தான்

பதில்: ஆச்சி, பேரன் சிரித்ததில் நியாயம் இருக்கிறது. அந்தப் பங்குக்கு ஒரு காசும் ஈவு கிடையாது. லாபத்துக்கு விற்கவும் முடியாது. நெருங்கிய குடும்பத்தாருக்குக் கொடையாகத் தரலாம், அவ்வளவுதான்.

இது காலால் உதைத்து ஆடும் பந்தாட்டம் அன்று. முட்டை வடிவப் பந்தைக் கையில் இடுக்கிக்கொண்டு, எதிரியை இடித்துத் தள்ளி ஓடும் ஆட்டம். விஸ்கான்சின் மாநிலத்துக் கிரீன் பே ஊரில், கர்லி லாம்போவும் பத்திரிகையாளர் ஜார்ஜ் கால்ஹூனும் 1919இல் இந்த அணியைத் தொடங்கினர். லாம்போ எழுத்தராக இருந்த இறைச்சி அடைக்கும் ஆலை சீருடைக்கு 500 டாலர் கொடுத்ததால், 'அடைப்பவர்கள்' என்று பொருள்படும் பேக்கர்ஸ் என்பதே பெயராகிவிட்டது. அந்த ஆலைக்கு 'இந்தியன் பேக்கிங் கம்பெனி' என்று பெயர். அதற்காக நம்மவர் எவரோ கடல் கடந்து போய் நடத்திய தொழில் என்று எண்ணிவிட வேண்டாம்.

பணமுடை அணியை விடவில்லை. 1923இல் ஊர்க்காரர்களிடம் பங்கு 5 டாலர் வீதம் 1,000 பங்குகளை விற்று, லாப நோக்கமற்ற அமைப்பாக அதை மாற்றினார்கள். கோயில் திருப்பணிக்குக் குடும்பத்துக்கு இவ்வளவு என்று புள்ளி வரி கொடுக்கிறவர்கள் வட்டி கேட்பதில்லையே, ஏறக்குறைய அதே கணக்குதான். பிறகு பார்வையாளர் மேடையிலிருந்து விழுந்த ரசிகர் ஒருவர் வழக்குத் தொடுத்து வென்றார். நஷ்டஈடு தரவேண்டிய காப்பீட்டு நிறுவனமோ நொடித்துப்போயிருந்தது. அணியின் நிர்வாகம் நீதிமன்றம் நியமித்தவரின் கைக்குப் போக, 1935இல் மறுபடியும் பங்கு விற்றுத்தான் மீண்டது. அணியை விற்றால் வரும் பணம் போர்வீரர் நினைவுச்சின்னத்துக்கே போக வேண்டும் என்று முதலிலேயே எழுதிவைத்திருந்தார்கள். பிற்காலத்தில் அது அணியின் அறக்கட்டளைக்கு என்று மாறியது. விற்று ஆதாயம் பார்க்க எவருக்கும் வழியில்லாததால், பெருநகரங்கள் எதுவும் அணியைக் கொத்திக்கொண்டு போக முடியவில்லை. இத்தகைய பொது உடைமையை அந்த விளையாட்டுக் கூட்டமைப்பு இப்போது அனுமதிப்பதில்லை. பேக்கர்ஸுக்கு மட்டும் பழைய வழக்கம் என்று விட்டுவைத்திருக்கிறது.

ஆட்டத்திலும் சோடை போனவர்கள் அல்லர்: 13 முறை பட்டம் வென்றிருக்கிறார்கள். பயிற்சியாளர் வின்ஸ் லொம்பார்டியின் பெயரைத்தான் இன்று அந்த ஆட்டத்தின் ஆண்டு இறுதிப்போட்டியான சூப்பர் பௌலின் கோப்பை தாங்கியிருக்கிறது. ஏறத்தாழ ஒரு லட்சம் பேர் வாழும் அந்த ஊரின் அணிக்குப் பங்குதாரர்கள் ஐந்து லட்சத்துக்கும் மேல். உங்கள் பேரனும் அவர்களுள் ஒருவர், ஆண்டுக் கூட்டத்தில் வாக்களிக்கும் உரிமையும் அவருக்கு உண்டு.

எனவே பத்திரத்தை இரும்புப் பெட்டியில் பூட்டத் தேவையில்லை, ஆச்சி, முகப்பிலேயே இருக்கட்டும். வெயில் படாத சுவராகப் பார்த்து மாட்டச் சொல்லுங்கள், எழுத்து மங்கிவிடும்.