கடலோர வீட்டில் படரும் பெட்டூனியா: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: மார்கழியில் வாங்கி வந்த படரும் பெட்டூனியா நாற்றுகளை மாடியில் தொட்டிகளில் வைத்தேன். முதலில் நன்றாகப் பூத்தன. இப்போது இளம் இலைகள் மஞ்சளாகி, நரம்புகள் மட்டும் பச்சையாகத் தெரிகின்றன. இரண்டு முறை உரம் போட்டும் பயனில்லை. வெயில்தான் காரணமா?
– வாசகி, கீழக்கரை

பதில்: வெயில் காரணமன்று. பெட்டூனியாவுக்கு நாள்தோறும் 6 மணி நேரமாவது நேரடி வெயில் வேண்டும். நிழலுக்கு மாற்றினால் பூ குறைந்துவிடும். நீங்கள் சொல்லும் மஞ்சள் நிறம் இரும்புச்சத்துக் குறைவின் அடையாளம். தொட்டி மண் கலவையில் இரும்பு இருந்தாலும், சுண்ணாம்பு மிகுந்த நிலத்தடி நீரைத் தொடர்ந்து ஊற்றும்போது கலவையின் காரத்தன்மை மெல்ல உயர்ந்து, வேர்களால் அந்த இரும்புச்சத்தை எடுத்துக்கொள்ள முடியாமல் போகிறது. அமில கார அளவு (pH) 5.5 முதல் 6.2 வரை இருக்கும் கலவையில்தான் இச்செடி செழிக்கும். நம் கரையோரக் கிணறுகள் பலவற்றில் உவர்ப்பும் சேர்ந்திருப்பதால், மேலும் மேலும் உரம் போடுவது உப்பைத்தான் கூட்டும். இலை விளிம்புகளும் கருகும்.

ஆகவே இரண்டு வாரம் உரத்தை நிறுத்துங்கள். சேமித்த மழைநீரோ வேறு நல்ல தண்ணீரோ கொண்டு, தொட்டியின் அடித்துளை வழியே தாராளமாக வடியும்வரை ஊற்றி உப்பைக் கழுவுங்கள். அடியில் தட்டு இருந்தால் எடுத்துவிடுங்கள். லிட்டருக்கு 2 கிராம் அன்னபேதியும் (இரும்பு சல்பேட்) சிறிது எலுமிச்சைச் சாறும் கலந்து, மாலையில் இலைகள் மீது தெளித்தால் புதுத் தளிர்கள் பச்சையாக வரும். பிறகு, தழை, மணி, சாம்பல் சத்துகள் சம அளவில் உள்ள, நீரில் கரையும் 19:19:19 உரத்தை லிட்டருக்கு 1 கிராம் வீதம் வாரம் ஒருமுறை கொடுங்கள். படரும் வகைகள் மூன்றடிக்கும் மேல் ஓடக்கூடியவை என்பதால் அவற்றுக்கு உணவும் அதிகம் தேவை. கொடிகள் அடியில் இலையின்றி நீண்டிருந்தால் மூன்றில் ஒரு பங்கை வெட்டிவிடுங்கள். புதுக் கிளைகள் வரும். அடுத்த முறை கலவைக்குத் தென்னை நார்க்கழிவு வாங்கினால், அதையும் நல்ல நீரில் அலசிய பிறகே சேருங்கள். ஐப்பசி மழையை ஓடவிட்டு, மாசியில் செடிக்கு நல்ல தண்ணீர் தேடும் நிலை நம் பகுதியில் பல வீடுகளில் இருப்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிறது. மாடியில் இரண்டு பீப்பாய்கள் வைத்தாலே சில தொட்டிகளைக் காப்பாற்றலாம்.

கேள்வி: விதையிலிருந்து வளர்க்க எந்த மாதம் ஏற்றது?
– வாசகர், தேவிபட்டினம்

பதில்: ஐப்பசி இறுதியில் விதைத்தால், வடகிழக்குப் பருவமழை ஓயும் தை மாதத்தில் நாற்றுகளை வெளியே நடலாம். ஒரு கிராமில் ஏறத்தாழ 10,000 விதைகள் இருக்கும் அளவுக்கு அவை நுண்ணியவை. முளைக்க வெளிச்சமும் வேண்டும். எனவே மண்ணால் மூடாமல், ஈரமான கலவையின் மேல் தூவி, மழைத்துளி நேரே விழாத வெளிச்சமான தாழ்வாரத்தில் வையுங்கள். 7 முதல் 10 நாட்களில் முளைக்கும். பங்குனி வரை பூக்களை எதிர்பார்க்கலாம்; கச்சான் காற்று வீசும் கோடையில் இச்செடியைக் காப்பாற்றப் போராடுவதைவிட, மறு ஆண்டு புதிதாக விதைப்பதே நல்லது.

கேள்வி: முண்டு மிளகாய்ப் பாத்திக்கு அருகில் பெட்டூனியா வைக்கலாமா?
– வாசகர், உச்சிப்புளி

பதில்: வேண்டாம். மிளகாய், கத்தரி, தக்காளி ஆகியவற்றைப் போலப் பெட்டூனியாவும் கத்தரிக் குடும்பத்தைச் சேர்ந்தது. அசுவினிப் பூச்சி வழியே பரவும் நச்சுயிரி நோய்கள் இரண்டையும் தாக்கும். பூந்தொட்டிகளை வீட்டின் மறுபுறம் வையுங்கள். அவற்றைக் கத்தரித்த பின் கைகளையும் கத்தரிக்கோலையும் சோப்பால் கழுவிவிட்டு மிளகாய்ச் செடிகளைத் தொடுங்கள்.