லா டீக் தீவின் அமைதியான விரிகுடாக்கள்: கேள்வி பதில்

கேள்வி: சேஷெல்ஸ் நாட்டின் லா டீக் தீவில், ஆன்ஸ் சூர்ஸ் தார்ஷான் கடற்கரையைத் தவிரக் கூட்டமில்லாத இடங்கள் உண்டா?

பதில்: உண்டு. பரப்பளவு ஏறத்தாழ 10 சதுர கிலோமீட்டர்தான் என்றாலும், நீங்கள் குறிப்பிடும் கடற்கரை மேற்குக் கரையில் இருப்பதால் ஒருநாள் பயணிகள் பெரும்பாலும் அங்கேயே தங்கிவிடுகிறார்கள். படகுத்துறை உள்ள லா பாஸிலிருந்து மிதிவண்டியில் மேடேறி மறுபக்கம் இறங்கினால் கிராண்ட் ஆன்ஸ் வரும். வண்டியை அங்கேயே நிறுத்திவிட்டு ஒற்றையடிப் பாதையில் நடந்தால் முதலில் பெட்டிட் ஆன்ஸையும், அதைத் தாண்டி ஆன்ஸ் கோகோவையும் அடையலாம். மூன்றில் எனக்கு மிகவும் பிடித்தது கடைசி விரிகுடாதான்.

கேள்வி: ஜூலையில் குழந்தைகளுடன் செல்கிறோம். அங்கே குளிக்கலாமா?

பதில்: வேண்டாம் என்று உறுதியாகச் சொல்கிறேன். மே முதல் செப்டம்பர் வரை வீசும் தென்கிழக்குக் காற்று அந்தக் கரையை நேராகத் தாக்குகிறது. அலையைத் தடுக்கும் பவளத்திட்டு கிராண்ட் ஆன்ஸுக்கு முன்னால் இல்லாததால், கரையில் மோதிய நீர் கடலை நோக்கித் திரும்பும்போது நன்றாக நீந்தத் தெரிந்தவரையும் இழுத்துச் சென்றுவிடும். ஆளில்லாத கடற்கரையின் அழகு எதுவோ அதுவே அதன் ஆபத்தும். கூப்பிட்டால் ஓடிவர அங்கே யாரும் இல்லாமல் போகலாம். அந்த மாதங்களில் குழந்தைகளைப் பவளத்திட்டின் காப்பில் உள்ள சூர்ஸ் தார்ஷானின் ஆழமற்ற நீரில் விளையாட விடுங்கள். தென்கிழக்குக் கரையைப் பார்த்து ரசித்துவிட்டுத் திரும்புங்கள்.

கேள்வி: நிழல் கிடைக்குமா?

பதில்: கிடைக்கும். அங்கே 'தக்கமக்கா' என்று அழைக்கப்படும் மரம், நம் நெய்தல் நிலத்துப் புன்னையேதான். அதன் அடியில் அமரலாம். தென்னைக்கு அடியில் மட்டும் அமர வேண்டாம்.

கேள்வி: மிதிவண்டியிலேயே தீவைச் சுற்றிவர முடியுமா?

பதில்: முடியாது. வடமுனையின் ஆன்ஸ் பத்தாத்தைக் கடந்து கிழக்குக் கரையோரமாகச் செல்லும் சாலை ஆன்ஸ் ஃபுர்மியில் முடிந்துவிடுகிறது.

கேள்வி: தென்முனையில் உள்ள ஆன்ஸ் மரோனுக்குத் தனியே போகலாமா?

பதில்: போகாதீர்கள். வழி நெடுகக் கருங்கற்பாறைகளின் இடுக்கில் நுழைந்தும் சில இடங்களில் நீரில் இறங்கியும் செல்ல வேண்டியிருப்பதால், கடல் ஏறும் நேரத்தையும் இறங்கும் நேரத்தையும் அறிந்த உள்ளூர் வழிகாட்டி ஒருவர் உடன் வருவது அவசியம். புறப்படும் நேரத்தையும் அவரே தீர்மானிக்கட்டும்.