கம்பி தெரியாம சிறுத்தையை எடுக்க முடியுமா?

கேள்வி: பசங்களோட வண்டலூர் ஜூ போயிருந்தோம். 55-250 ஜூம் லென்ஸ் போட்ட கேமராவுல எக்கச்சக்கமா எடுத்தேன். சிறுத்தை படம் எல்லாத்துலயும் கம்பி வலைதான் பளிச்சுன்னு விழுந்திருக்கு, வெள்ளைப்புலி அழுக்கு சாம்பல் கலர்ல இருக்கு, மத்ததெல்லாம் தூங்குது. அடுத்த தடவையாவது நல்லா வர என்ன பண்ணணும்? - வாசகி, தாம்பரம்

பதில்: முதல்ல கம்பி. சிறுத்தை மரமேறி தாவுற ஜாதி, வெறும் அகழி அதுக்கு பத்தாது, அதனால வலை இருக்கத்தான் செய்யும். பார்வையாளர் தடுப்பை தாண்டாம வலைக்கு எவ்வளவு கிட்ட நிக்க முடியுமோ நில்லுங்க, லென்ஸை 250 வரைக்கும் இழுத்து அப்பெர்ச்சரை (லென்ஸ் வாய் திறக்குற அளவு) 5.6ல, அதாவது முழுசா திறந்து வைங்க, சிறுத்தை வலையை விட்டு நல்லா உள்ள தள்ளிப் போறவரைக்கும் காத்திருங்க. இவ்வளவு செஞ்சும் வலை வெள்ளையா தெரியுதுன்னா அதுல நேரா வெயில் அடிக்குதுன்னு அர்த்தம், வலைமேல நிழல் விழுற பக்கமா நாலு அடி நகர்ந்து பாருங்க, அதே வலை கரைஞ்சு போயிடும். ஆட்டோ போகஸ் வலையையே பிடிச்சுக்கிட்டு அடம் பிடிக்கும், போகஸ் புள்ளியில நடுப்புள்ளி ஒண்ணை மட்டும் வச்சு சிறுத்தையோட கண்ணுமேல போகஸ் பண்ணுங்க.

வெள்ளைப்புலி விஷயத்துல தப்பு உங்க மேல இல்லை. பிரேம் முழுக்க வெள்ளையா இருந்தா கேமரா அதை சாம்பலாக்கத்தான் பார்க்கும், எக்ஸ்போஷரை (படத்தோட வெளிச்ச அளவு) கூட்டிக் குறைக்குற +/- செட்டிங்குல பிளஸ் 0.7 இல்லேன்னா பிளஸ் 1 ஏத்துங்க. ஆனா புலி தூரத்துல சின்னதா, பின்னாடி இருண்ட புதரா இருந்தா கதை தலைகீழ், அப்ப மைனஸ் பக்கம் போகணும், இல்லேன்னா உடம்புல இருக்குற வரியெல்லாம் வெளுத்துப்போயிடும்.

தூக்கத்துக்கு ஒரே வழி நேரம்தான். மத்தியான வெயில்ல எந்த புலியும் எழுந்து நடக்காது, காலையில 9 மணிக்கு கேட் திறந்ததும் உள்ள போயிடுங்க (செவ்வாய்க்கிழமை லீவு, மறந்துடாதீங்க). அப்புறம் ஒண்ணு கெஞ்சி கேட்டுக்குறேன், அன்னிக்கு ஜூ முழுக்க சுத்த நினைக்காதீங்க, ஒரே புலி முன்னாடி ஒரு மணி நேரம் நில்லுங்க. அது தினமும் நடக்குற தடம் ஒண்ணு இருக்கும், புல்லு தேஞ்சு மண்ணு தெரியும், அந்த தடத்துல வெளிச்சம் விழுற இடத்தைப் பார்த்து வச்சுக்கிட்டு ஷட்டர் வேகத்தை 1/500 செகண்டுக்கும் வேகமா வச்சு ரெடியா இருந்தா புலி தானா வந்து நிக்கும். நடுவுல மரத்தையோ கல்லையோ மோந்து பார்த்துட்டு மேலுதட்டை தூக்கி, மூக்கை சுருக்கி, நாக்கு லேசா தொங்க ஒரு முகம் காட்டும். கோபம்னு நினைச்சு பயப்படாதீங்க, இன்னொரு புலி விட்டுட்டுப்போன வாசனையை அது வாயோட மேலண்ணத்துல இருக்குற உறுப்பால படிக்குது. சில செகண்டுதான், விரலை எடுக்காம எடுத்துக்கிட்டே இருங்க.

கேள்வி: விசில் அடிச்சா புலி நிமிர்ந்து பார்க்குதே, படமும் நல்லா வருது. இது தப்பா? - வாசகர், மதுரை

பதில்: தப்புதாங்க. ஜூவுல இருக்குற மிருகத்தை சீண்டுறது, சத்தம் போட்டு தொந்தரவு பண்றது எல்லாமே 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தோட 38ஜே பிரிவுப்படி குற்றம். சட்டத்தை விடுங்க, உங்களுக்கு அது ஒரு விசில், அந்த புலிக்கு காலையிலேர்ந்து சாயங்காலம் வரைக்கும் எத்தனை விசில்னு நினைச்சுப் பாருங்க, அதால எழுந்து வேற எங்கயும் போகவும் முடியாது. ஒரு ஜூவுல ஒருத்தர் சிங்கம் முகத்தை திருப்பணும்னு பாட்டில் மூடியை எறிஞ்சதைப் பார்த்தேன், சிங்கம் எழுந்து முதுகைக் காட்டி படுத்துக்கிச்சு, அன்னிக்கு சாயங்காலம் வரைக்கும் திரும்பவே இல்லை. நல்ல ஆங்கிள் வேணும்னு சுவர்மேல ஏறுறதும் வேண்டவே வேண்டாம், 2014 செப்டம்பர்ல டெல்லி ஜூவுல வெள்ளைப்புலி இருந்த பள்ளத்துக்குள்ள விழுந்த ஒரு இளைஞரை காப்பாத்த முடியாமலே போச்சு. பையனை தோள்ல தூக்கி வச்சுக்கிட்டு படம் எடுக்குறவங்களும் இதைப் படிங்க, பையனை முதல்ல கீழ இறக்குங்க.