முதல் கண்காட்சிக்கு ராஜபாளையம்: வீட்டிலேயே செய்யும் பராமரிப்பு

கேள்வி: எங்கள் வீடு தண்டையார்பேட்டையில், முதல் மாடியில் இருக்கிறது. 14 மாத ஆண் ராஜபாளையம் நாய் வளர்க்கிறோம். இன்னும் இரண்டு மாதத்தில் சென்னையில் நடக்கும் நாய்க் கண்காட்சியில் அதை முதல் முறையாக இறக்க விரும்புகிறோம். வெளியே கொடுத்து க்ரூமிங் செய்ய வசதியில்லை. போர்வெல் தண்ணீரில் குளிப்பாட்டுவதால் வெள்ளை முடி மஞ்சளடித்துக் கிடக்கிறது. முன்னங்கால் முழங்கைகளில் முடி உதிர்ந்து தோல் கறுத்திருக்கிறது. அன்று காலையில் குளிப்பாட்டி, கடைசி அலசலில் சொட்டு நீலம் கலந்து, பவுடர் போட்டு அழைத்துச் சென்றால் போதுமா?

பதில்: கண்காட்சி அன்று காலையில் குளிப்பாட்ட வேண்டாம், சொட்டு நீலமும் பவுடரும் எந்த நாளிலும் வேண்டாம். பூடில், ஷிட்சு போன்ற முடி அடர்ந்த இனங்களில் கத்தரிக்கோலைக் கொண்டு உருவத்தையே ஓரளவு திருத்திக் காட்ட முடியும். ராஜபாளையத்தின் முடி உடம்போடு ஒட்டிய குட்டை முடி என்பதால், அதன் அடியில் இருக்கும் இளஞ்சிவப்புத் தோலும் தசையும் எலும்பமைப்பும் நடுவரின் கண்ணுக்கும் கைக்கும் அப்படியே தெரிந்துவிடும். இரண்டு மாதமாக நாய் எப்படி வைத்திருக்கப்பட்டது என்பதைத்தான் அவர் பார்க்கப் போகிறார். ஆகவே இன்று தொடங்கி, நாள்தோறும் பத்துப் பதினைந்து நிமிடம் நாயின் உடம்பு முழுவதும் கை பட வேலை செய்வதே உங்கள் நாய்க்கு ஏற்ற பராமரிப்பு.

இதை நான் வலியுறுத்துவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. ராஜபாளையம் ஒரு வீட்டாரோடு மட்டும் நெருங்கிப் பழகி, வெளியாரைத் தள்ளியே வைக்கும் இனம். கண்காட்சி ரிங்கில், அதாவது நாய்களை நிறுத்தி ஓட்டிக் காட்டும் களத்தில், முன்பின் தெரியாத நடுவர் அருகே வந்து, உதட்டைத் தூக்கிப் பல் வரிசை பார்ப்பார், முதுகிலும் மார்பிலும் கை வைத்துத் தடவுவார், ஆண் நாயாக இருந்தால் இரண்டு விதைகளும் இறங்கியிருக்கின்றனவா என்று தொட்டுப் பார்ப்பார். அப்போது உறுமுகிற அல்லது வால் சுருட்டிப் பின்வாங்குகிற நாய் எவ்வளவு அழகாக இருந்தாலும் பயனில்லை. கடிக்க வந்தால் ரிங்கை விட்டே வெளியேற்றப்படும். தினமும் ஒரே நேரத்தில், அசையாத ஒரு பெஞ்சின் மேல் வழுக்காத ரப்பர் விரிப்பைப் போட்டு நாயை நிற்க வைத்துப் பிரஷ் செய்யுங்கள். முடிவில் உதட்டைத் தூக்கிப் பாருங்கள், நான்கு பாதங்களையும் ஒவ்வொன்றாகக் கையில் வாங்கிப் பிடியுங்கள், வயிற்றடியில் தொடுங்கள். மூன்றாவது வாரத்திலிருந்து, நாய்க்குப் பரிச்சயமான பக்கத்து வீட்டுக்காரரை இதைச் செய்யச் சொல்லுங்கள். அதன் பிறகு, நாய்களிடம் அச்சமில்லாத புதியவர் ஒருவரை அழைத்து, கழுத்துப் பட்டையை நீங்கள் பிடித்துக்கொண்டிருக்கும்போது செய்யச் சொல்லுங்கள். முழுப் பராமரிப்பிலும் எனக்கு முக்கியமாகப் படுவது இந்தப் பயிற்சிதான்.

பிரஷ் என்றால் விலை உயர்ந்தது எதுவும் தேவையில்லை. குமிழ்ப் பற்களுள்ள ரப்பர் பிரஷ் ஒன்றும், மென்மையான நார் பிரஷ் ஒன்றும், ஷாமாய் என்ற மென்மையான துடைப்புத் தோல் அல்லது பழைய பருத்தித் துண்டு ஒன்றும் போதும். முதலில் ரப்பர் பிரஷால் சிறு வட்டங்களாகத் தேய்த்தால் உதிர்ந்த முடியும் தோல் செதிலும் மேலே வரும். நார் பிரஷால் முடி படிந்திருக்கும் திசையிலேயே இழுத்து அவற்றை அகற்றி, கடைசியில் துணியால் அழுத்தித் துடைக்க வேண்டும். தோலில் இயல்பாகச் சுரக்கும் எண்ணெய் முடியின் நுனிவரை பரவுவதால் வருகிற பளபளப்பைக் கடையில் விற்கும் எந்த ஸ்பிரேயும் கொடுத்து நான் பார்த்ததில்லை. கம்பிப் பற்களுள்ள பிரஷ் இந்தத் தோலைக் கீறிவிடும், அதை வாங்காதீர்கள்.

இனி தண்ணீர். கடலோரமாக இருக்கும் தண்டையார்பேட்டை, காசிமேடு, திருவொற்றியூர்ப் பக்கங்களில் பல வீடுகளின் போர்வெல் தண்ணீர் உப்பாக இருக்கிறது. சில இடங்களில் இரும்புச் சத்தும் கலந்து, பக்கெட்டின் அடியில் காவிக் கறை படிகிறது. அந்தக் கறைதான் உங்கள் நாயின் முடியிலும் ஏறுகிறது. அது மட்டுமல்லாமல், உப்புத் தண்ணீரில் ஷாம்பு சரியாக நுரைக்காது, முழுவதும் அலசப்படாது; மிச்சமிருக்கும் சோப்பு தோலில் காய்ந்து அரிப்பெடுக்கும், நாய் நக்கும், நக்கிய இடம் செம்பழுப்பாகும். ஆகவே குளிப்பாட்டுவதற்குக் குழாயில் வரும் மெட்ரோ தண்ணீரையோ லாரித் தண்ணீரையோ பிடித்து வையுங்கள். மீஞ்சூரை அடுத்த காட்டுப்பள்ளியில், கடல்நீரிலிருந்து நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் குடிநீர் எடுக்கும் திறனுள்ள நிலையம் 2010-இல் தொடங்கப்பட்டது. வடசென்னையின் குழாய்த் தண்ணீருக்காக அமைந்த நிலையம் அது. குழாயில் வரும் தண்ணீர் உங்கள் போர்வெல் தண்ணீரைவிட முடிக்குப் பல மடங்கு நல்லது. நல்ல தண்ணீருக்குத் தட்டுப்பாடு என்றால், முதல் நனைப்பை மட்டும் போர்வெல்லில் வைத்துக்கொண்டு, ஷாம்பு போடுவதையும் கடைசி அலசலையும் இரண்டு மூன்று குடம் நல்ல தண்ணீரில் முடியுங்கள். இரண்டு வாரத்துக்கு ஒரு குளியல் போதும். நாய்களுக்கென்று தயாரித்த மிதமான ஷாம்புவைத் தண்ணீரில் கரைத்துப் பயன்படுத்த வேண்டும். நாயின் தோல் நம் தோலைவிடக் காரத்தன்மை கூடியது, ஆகவே நம் ஷாம்பு அதற்கு ஒத்துவராது. துடைத்த பிறகு மின்விசிறிக்குக் கீழே நிறுத்திக் காய வையுங்கள். மொட்டை மாடி வெயிலில் கட்டிப்போட்டுக் காய வைக்கும் வழக்கம் இருந்தால் இன்றோடு நிறுத்திவிடுங்கள், ஏனெனில் நிறமி குறைந்த இந்த மூக்கும் காது மடலும் வெயிலில் புண்ணாகக்கூடியவை.

மஞ்சள் முழுவதும் தண்ணீரால் வந்தது என்றும் முடிவு கட்டிவிடாதீர்கள். கழுத்தைச் சுற்றி மட்டும் கறுப்பாக இருந்தால் அது இரும்புச் சங்கிலியின் வேலை. சாயம் போட்ட தோல் பட்டையும் நனைந்தால் நிறம் விடும். அகலமான, வெளிர்நிறப் பருத்திப் பட்டைக்கு மாற்றி, வீட்டுக்குள் இருக்கும்போது அதையும் கழற்றிவிடுங்கள். பாதங்களிலும் விரலிடுக்கிலும் மட்டும் செம்பழுப்பு என்றால் அது எச்சில் கறை. எச்சிலிலும் கண்ணீரிலும் இருக்கும் போர்ஃபைரின் என்ற பொருள் வெள்ளை முடியைச் சிவக்கவைக்கிறது. அங்கே கறையை வெளுக்க முயல்வதைவிட, நாய் ஏன் நக்குகிறது என்று பார்ப்பதே முறை. உண்ணி, பூஞ்சை, ஒவ்வாமை, ஈரம் காயாத விரலிடுக்கு என்று காரணங்கள் பல; வேப்பேரியில் உள்ள சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனை உங்களுக்கு அருகில்தான், அங்கே தோலைச் சுரண்டிப் பரிசோதித்துச் சொல்வார்கள். புண்ணுக்கு மஞ்சள் பற்றுப் போடுவதும், வெள்ளிக்கிழமை பூஜை முடிந்து நாயின் நெற்றியிலும் அன்போடு மஞ்சள் குங்குமம் வைப்பதும் நம் வீடுகளில் இயல்பு. இந்த இரண்டு மாதத்துக்கு மட்டும் அதைத் தள்ளிவைக்கச் சொல்லுங்கள், வெள்ளைக் குட்டை முடியில் அந்தச் சாயம் வாரக்கணக்கில் நிற்கும்.

சொட்டு நீலம் ஏன் கூடாது என்றால், அது துணிக்கான சாயம். நாய் அதை நக்கும். மேலும், எல்லா முடியும் ஒரே அளவில் அதை உறிஞ்சாததால், வெயிலில் நிறுத்தும்போது விலாப்புறத்தில் நீலத் திட்டுகள் தெரியும். ஹைட்ரஜன் பெராக்சைடு கொண்டு வெளுப்பது தோலை எரிக்கும். முடியின் நிறத்தையோ தன்மையையோ மாற்றும் பொருள் எதையும் பூசுவதைக் கண்காட்சி விதிகள் தடுக்கின்றன. பெல்ஜியத்தைத் தலைமையிடமாகக் கொண்ட, பல நாட்டு கென்னல் கிளப்களின் கூட்டமைப்பான எஃப்.சி.ஐ.யின் விதிகளின்படி கண்காட்சி வளாகத்துக்குள் சீவுவதற்கும் பிரஷ் செய்வதற்கும் மட்டுமே அனுமதி உண்டு. நடுவரின் விரலில் வெள்ளைப் பவுடர் ஒட்டினால் அது உங்களுக்கு எதிராகவே பேசும். இளஞ்சிவப்பு மூக்கைக் கறுப்பாக்கப் பார்க்கும் சிலரையும் நான் அறிவேன். ராஜபாளையத்துக்கு அந்த மூக்கே இன அடையாளம், அதை மறைப்பது நாயைக் கெடுப்பதாகும்.

முழங்கையில் வந்திருப்பது சிமெண்ட் தரையில் படுத்துப் படுத்து உண்டான காய்ப்பு. கனமான, சதைப்பற்றுக் குறைந்த வேட்டை நாய்களுக்கு இது வரக்கூடியதே. உடனே நான்கு விரல் தடிமனுள்ள மெத்தை ஒன்றைப் போடுங்கள். சாக்கை மடித்துப் போட்டால் இரண்டு நாளில் நசுங்கித் தரையோடு தரையாகிவிடும். நாய் மெத்தையை விட்டுத் தரைக்கு இறங்குவது பெரும்பாலும் சூட்டினால்தான், ஆகவே மெத்தையை மின்விசிறிக் காற்று படும் இடத்தில் வைக்க வேண்டும். இரவில் மிக மெல்லியதாக வாசலின் தடவி, ஐந்து நிமிடம் நக்கவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். தேங்காய் எண்ணெய் தடவினால் தூசி ஒட்டி முடி இன்னும் மஞ்சளாகும். இரண்டு மாதத்தில் தோல் மிருதுவாகும், ஓரங்களில் முடி முளைக்கத் தொடங்கும், முழுவதும் மறையாது. மறையாவிட்டாலும் அதற்காக எந்த நாயும் தகுதி இழப்பதில்லை, நாயை இறக்கத் தயங்க வேண்டாம். காய்ப்பு வீங்கி நீர் கோத்திருந்தாலோ வெடித்திருந்தாலோ மட்டும் மருத்துவரிடம் காட்டுங்கள்.

நகத்தை இப்போதே தொடங்க வேண்டும். நகம் நீண்டிருந்தால் விரல்கள் விரிந்து, மணிக்கட்டு தாழ்ந்து, ஓட்டத்தின் அழகே போய்விடும். ராஜபாளையத்தை ரிங்கில் தூக்கி நிறுத்துவது அந்த ஓட்டம்தான். வெளிர் நகத்தில் உள்ளே ஓடும் இளஞ்சிவப்பு ரத்தக் குழாய் வெளிச்சத்தில் தெளிவாகத் தெரியும். அதற்கு முன்னால் இரண்டு மில்லிமீட்டர் விட்டு வெட்டி, அரத்தால் முனையை மழுக்குங்கள். ஒரே நாளில் குட்டையாக்க முயன்றால் ரத்தம் வரும், அதன் பிறகு நாய் பாதத்தைக் கொடுக்காது. வாரம் ஒரு முறை சிறிது சிறிதாகத் தேய்த்துவந்தால் உள்ளிருக்கும் குழாய் தானே பின்வாங்கும். தவறி ரத்தம் வந்தால் முடிதிருத்துவோர் பயன்படுத்தும் படிகாரத்தைப் பொடித்து ஒரு நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். தரையில் தேயாத மேல் விரல் நகத்தை மறந்துவிடாதீர்கள்.

காதை வாரம் ஒரு முறை, கண்ணுக்குத் தெரியும் மடிப்புவரை மட்டும், காது சுத்தம் செய்யும் மருந்தில் நனைத்த பஞ்சால் துடையுங்கள். நாற்றமோ சிவப்போ இருந்தால் மருத்துவரிடம் செல்லுங்கள். பல்லை நாய்களுக்கான பற்பசையால் தேயுங்கள், கெட்டிப்பட்ட காரையை வீட்டில் சுரண்ட வேண்டாம். மீசை முடியை வெட்ட வேண்டாம் என்பது என் கருத்து: அது நாய்க்கு உணர்வு தரும் உறுப்பு, இந்த இனத்தில் அதை வெட்டிப் பெறுவது எதுவுமில்லை. வாலின் அடியில் துருத்தி நிற்கும் ஓரிரு முடிகளைத் தவிர, கத்தரிக்கோலுக்கு வேறு வேலை கிடையாது.

உண்ணிக்குத் தோள்களுக்கு நடுவில் விடும் சொட்டு மருந்தைப் பயன்படுத்துகிறீர்கள் என்றால் நாளைக் கணக்கிட்டுக்கொள்ளுங்கள். விடுவதற்கு இரண்டு நாள் முன்னும் விட்ட பிறகு இரண்டு நாளும் குளிப்பாட்டக் கூடாது. விட்ட இடத்தில் முடி சில நாள் பிசுபிசுப்பாக ஒட்டிக்கிடக்கும், நடுவர் கை வைத்துத் தடவும் இடங்களில் அதுவும் ஒன்று. கண்காட்சிக்குப் பத்து நாள் முன்னதாக அதை முடித்துவிடுங்கள். உணவில், அவித்து முள் எடுத்த மத்தி மீன் வாரம் இரண்டு மூன்று முறையும், அவித்த முட்டையும் சேர்த்தால் முடியின் தன்மை மாறும். அது கண்ணுக்குத் தெரிய ஆறு முதல் எட்டு வாரம் ஆகும் என்பதால் இந்த வாரமே தொடங்குங்கள். காசிமேட்டுக்கு இத்தனை அருகில் இருக்கும் உங்களுக்கு மத்தி கிடைப்பது கடினமில்லை. கருவாடு மட்டும் உப்பினால் ஆகாது.

கண்காட்சி ஞாயிற்றுக்கிழமை என்றால் கடைசி முழுக் குளியலை வியாழன் அன்று வைத்துக்கொள்ளுங்கள். குளித்த உடனே முடி எழும்பி நிற்கும், எண்ணெய்ப்பசை போயிருக்கும். இரண்டு மூன்று நாளில்தான் அது படிந்து மின்னும். சனிக்கிழமை இரவு பாதம், முகம், வால் நுனி, பின்பகுதி ஆகியவற்றை மட்டும் நனைத்துக் கழுவி உலர்த்துங்கள். மெத்தை மேல் துவைத்த வேட்டி ஒன்றை விரித்துப் படுக்க வையுங்கள். நாய் இனங்களைப் பதிவு செய்யும் கென்னல் கிளப்பின் பதிவுச் சான்று, தோலுக்கடியில் பதித்த மைக்ரோசிப்பின் எண், வெறிநாய்த் தடுப்பூசிச் சான்று ஆகியவற்றை அன்றைக்குத் தேடாமல், பெயர் கொடுக்கும் கடைசி நாளுக்கு முன்பே சரிபார்த்திருக்க வேண்டும்.

அன்று வயிறு நிறையச் சாப்பாடு கொடுக்காமல் சீக்கிரமே அழைத்துச் சென்று நிழலில் இருத்துங்கள். வீட்டில் பிடித்த நல்ல தண்ணீரையே குடிக்கக் கொடுங்கள். அழைக்கும்வரை பாதத்தைத் தரை மண்ணிலிருந்து காக்க ஒரு பாய் போதும். முறை வந்ததும் ஈரத் துணியால் பாதங்களையும் வாயோரத்தையும் துடைத்து, ஷாமாய் தோலால் கழுத்திலிருந்து வால்வரை இரண்டு முறை இழுத்துவிட்டு உள்ளே செல்லுங்கள். வெள்ளை நாயோடு வெள்ளை உடையில் நின்றால் நாயின் வரி வடிவம் உங்கள் உடையோடு கலந்து மங்கும். கருநீலமோ கரும்பச்சையோ அணிந்து செல்லுங்கள்.