அம்மாவுக்கு நான்காம் நிலை நுரையீரல் புற்றுநோய். சேலத்தில் இதே நோய் உள்ள யாரிடமாவது பேச வழி உண்டா?

உண்டு. போர்டு மாட்டிய இடம் எதுவும் எனக்குத் தெரியாது, ஆள் மூலமாகத்தான் எனக்குக் கிடைத்தது. எனக்கும் அதே நோய், அதே நான்காம் நிலை. வயது 54, ஏற்காட்டில் ரவிக்கை தைக்கிறேன், கண்டுபிடித்து மூன்று வருஷம் ஆகப் போகிறது. நீங்கள் மகளாகக் கேட்டிருக்கிறீர்கள், நான் உங்கள் அம்மா உட்கார்ந்திருக்கும் நாற்காலியிலிருந்து பதில் சொல்கிறேன்.

புற்றுநோய் வந்தவர் என்று யாரைக் கூட்டி வந்தாலும் அம்மாவுக்குப் பேச்சு ஒட்டாது. என் நாத்தனார் அப்படித்தான் ஒருவரைக் கூட்டி வந்தார், மார்பகப் புற்றுநோய்க்கு அறுவை சிகிச்சை செய்து பத்து வருஷமாக நன்றாக இருப்பவர். நல்ல மனுஷி, குறை சொல்ல ஒன்றும் இல்லை. "ஆபரேஷன் முடிஞ்சா எல்லாம் சரியாயிடும்" என்றார். எனக்கு ஆபரேஷனே கிடையாது, எலும்பு வரைக்கும் போய்விட்டது, முழுசாகப் போக்க முடியாது, முடிந்தவரை கட்டுக்குள் வைத்திருக்கலாம் என்று டாக்டர் சொல்லி ஒரு வாரம்தான் ஆகியிருந்தது, இதை அவரிடம் எங்கே தொடங்கி எப்படிச் சொல்வது? தலையாட்டிவிட்டுக் காபி கொடுத்து அனுப்பினேன். ரிப்போர்ட் வந்த அன்றுகூட அவ்வளவு தனியாக உணரவில்லை.

அதனால் அம்மாவின் சதைப் பரிசோதனை ரிப்போர்ட்டை முதலில் எடுத்துப் பாருங்கள். அடினோகார்சினோமா (நுரையீரல் புற்றுநோயில் ஒரு வகை) என்றிருந்தால் இ.ஜி.எஃப்.ஆர்., ஏ.எல்.கே. போன்ற மரபணு மாற்றங்களுக்குச் சோதித்திருப்பார்கள். சோதிக்கவில்லை என்றால் டாக்டரிடம் கேளுங்கள், சிகிச்சையே அதை வைத்துத்தான் முடிவாகும். எனக்கு இ.ஜி.எஃப்.ஆர். மாற்றம் இருந்தது, ஜெஃபிடினிப் 250 மில்லிகிராம், தினம் ஒரு மாத்திரை. வேறு சிலருக்குக் கீமோ, சிலருக்கு இம்யூனோதெரபி, அதாவது உடம்பின் எதிர்ப்புச் சக்தியையே நோயோடு சண்டை போட வைக்கும் மருந்து. ஒரே நோய்ப் பெயர்தான், ஆனால் மாத்திரைக்காரரும் கீமோக்காரரும் படுகிற பாடு வேறு வேறு. அம்மா எந்தச் சிகிச்சையில் இருக்கிறாரோ அதிலேயே ஒரு வருஷமாவது முன்னால் போய்க்கொண்டிருக்கும் ஒருவர் கிடைத்தால் போதும். கூட்டம் வேண்டாம், ஒருவர்.

எனக்கு அந்த ஒருவரைக் கண்டுபிடித்துக் கொடுத்தது நர்ஸ். டாக்டரிடம் கேட்டால், இன்னொரு நோயாளியின் நம்பரை அவர் தர முடியாது, தரவும் கூடாது. நான் என் நம்பரை ஒரு சீட்டில் எழுதி நர்ஸிடம் கொடுத்தேன்: இதே மாத்திரை சாப்பிடுகிறவர் யாராவது விருப்பப்பட்டால் கூப்பிடச் சொல்லுங்கள் என்று. அவ்வளவுதான். பதினோரு நாள் கழித்து அம்மாபேட்டையிலிருந்து ஓர் அக்கா கூப்பிட்டார், தறிக்காரக் குடும்பம். புறநோயாளி வரிசை, மருந்து தரும் கவுன்டர், ஸ்கேனுக்குக் காத்திருக்கும் பெஞ்ச், இங்கெல்லாம் கையில் எந்த மாத்திரை அட்டை என்று பார்த்துப் பேச்சுக் கொடுத்தாலும் ஆள் கிடைக்கும், எனக்குத்தான் அந்தத் தைரியம் வர ஒரு வருஷம் ஆனது.

முதல் போனில் அக்கா கேட்டது நகத்தைப் பற்றி. அது எப்படித் தெரியும் என்று எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இந்த மாத்திரையில் முகத்தில் பரு மாதிரி வரும், வயிற்றுப்போக்கு வரும், நகத்தின் ஓரச் சதை வீங்கிப் புண்ணாகும். என் இரண்டு கட்டைவிரலும் ஓரத்தில் வெடித்திருந்தன, ஹெம்மிங் போடும்போது நூல் அந்த வெடிப்பில் மாட்டும், ஒரு கொக்கி வைப்பதற்குள் கண்ணில் தண்ணீர் வந்துவிடும், வெள்ளைத் துணியில் ரத்தப் பொட்டு விழுந்து ஒரு வாடிக்கையாளரின் ரவிக்கையே வீணானது.

"டாக்டர்கிட்டச் சொன்னியா கண்ணு?"

"இல்லக்கா. மாத்திரைய நிறுத்திடுவாங்கன்னு பயமா இருக்கு."

"நானும் மூணு மாசம் மறைச்சேன். நிறுத்த மாட்டாங்க, வேணும்னா கொஞ்ச நாள் லீவு விடுவாங்க. நாளைக்கே போய்க் காட்டு."

காட்டினேன். களிம்பு எழுதிக் கொடுத்தார், ஒரு வாரம் மாத்திரைக்கு லீவு, மறுபடி தொடங்கினோம். வீட்டில் அத்தனை பேர் இருந்தும் நான் ஏன் மறைக்கிறேன் என்று யாருக்கும் தெரியவில்லை, அக்காவுக்கு ஒரு நிமிஷத்தில் தெரிந்தது. ரயில் சலுகையும் அவர் சொல்லித்தான் தெரியும். வெளியூரில் சிகிச்சை என்றால் மருத்துவமனையில் படிவம் வாங்கிக் கொடுத்தால் ஸ்லீப்பரிலும் மூன்றடுக்கு ஏசியிலும் நோயாளிக்கு டிக்கெட் இலவசம், கூடப் போகிறவருக்கு 75 சதவீதம் குறைவு. நான் அதற்குள் மூன்று முறை முழுக் காசு கொடுத்துச் சென்னை போய் வந்துவிட்டேன்.

இன்னொன்றும் அவரிடம்தான் பேச முடிந்தது. எங்கள் வீட்டில் யாரும் பீடி சிகரெட் தொட்டதில்லை, ஆனால் நுரையீரல் என்றதும் எல்லோரும் முதலில் கேட்பது அதைத்தான். போதாக்குறைக்கு ஆரம்பத்தில் ஒரு கிளினிக்கில் டிபி என்று நான்கு மாதம் மருந்து கொடுத்தார்கள். அந்த நான்கு மாதத்தை நினைத்து நினைத்துக் கோபப்படுவேன், வீட்டில் சொன்னால் "நடந்தது நடந்துபோச்சு, விடு" என்பார்கள். அக்கா விடச் சொல்லவில்லை, தனக்கு ஆறு மாதம் என்றார்.

சரி, எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். பெஞ்சில் கிடைக்கும் சிநேகிதத்தில், புற்றுநோய்க்கு நல்லது என்று முள்சீத்தா இலைக் கஷாயமும் சேர்ந்து வரும். எதையும் டாக்டரைக் கேட்காமல் வாயில் போட வேண்டாம், மாத்திரையோடு மோதக்கூடிய பொருட்கள் உண்டு. ஸ்கேனை ஸ்கேனோடு ஒப்பிடவும் கூடாது, ஒருவருக்கு ஆறு மாதம் கேட்கும் மாத்திரை இன்னொருவருக்கு மூன்று வருஷம் கேட்கும். அப்புறம், பழகியவர் போய்விடுவார். அக்கா போன மார்கழியில் போனார். நான் இரண்டு மாதம் யார் போனையும் எடுக்கவில்லை. ஆனாலும் அவரைத் தெரியாமலே இருந்திருக்கலாம் என்று ஒருநாளும் தோன்றவில்லை.

ஆள் கிடைக்கும்வரை, ராத்திரியில் மனசு தாங்காவிட்டால் அரசின் மனநல உதவித் தொலைபேசி டெலி மானஸ், எண் 14416, இலவசம், தமிழில் பேசுவார்கள். அது கூட்டாளி இல்லைதான், ஆனால் ராத்திரி இரண்டு மணிக்கு யார் இருக்கிறார்கள்? வலி அதிகமாகி மருத்துவமனைக்கு அலைய முடியாமல் போனால் மக்களைத் தேடி மருத்துவம் என்ற அரசுத் திட்டத்தில் வீட்டுக்கே வந்து வலி நிவாரண, ஆதரவுச் சிகிச்சை தருகிறார்கள், ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள். கடைசி நேரத்துக்கு மட்டும்தான் அது என்று நினைத்து நாங்கள் தாமதமாகத்தான் கேட்டோம். எங்களைப் போல மலைமேல் இருப்பவர்களுக்கு 20 கொண்டை ஊசி வளைவில் வாந்தியெடுத்துக்கொண்டு இறங்காமல் இருப்பதே பாதி நிவாரணம்.

ஒரு வேண்டுகோள். யாராவது கிடைத்து, அம்மா முதல் தடவை பேசும்போது நீங்கள் பக்கத்தில் உட்காராதீர்கள். என் மகள் உட்கார்ந்திருந்த அன்று அக்காவிடம் நான் "நல்லா இருக்கேன்க்கா" என்று மட்டும்தான் சொன்னேன். பால் வாங்கப் போகிறேன் என்றாவது சொல்லிவிட்டு வெளியே போங்கள், கதவைச் சாத்திவிட்டு, அரை மணி நேரத்துக்குக் குறையாமல்.