'ஐ.ஆர். அஃபிஷியல்', 'ஆர்மி அஃபிஷியல்': பழைய பிரிட்டிஷ் அரசுத் தபால்தலைகளைக் கண்டறிவதும் மதிப்பிடுவதும்

கேள்வி: தாத்தா விட்டுச்சென்ற ஆல்பத்தில் சில இங்கிலாந்துத் தபால்தலைகளின் மேல் கறுப்பு எழுத்து அச்சடித்திருக்கிறது. ஊதா நிற விக்டோரியா 1 பென்னியில் 'ஐ.ஆர். அஃபிஷியல்', பச்சை எட்வர்டு அரைப் பென்னியில் 'ஆர்மி அஃபிஷியல்', உறைத் துண்டோடு ஒட்டியிருக்கும் மங்கல் பச்சை 9 பென்னியில் 'கவ்ட் பார்சல்ஸ்'. செந்நிறத் தாளில் அச்சான விக்டோரியா 6 பென்னி ஒன்றிலும் 'ஐ.ஆர். அஃபிஷியல்' இருக்கிறது. இந்த 6 பென்னி பல லட்சம் பவுண்டுக்குப் போகும் என்று நண்பர் அடித்துச் சொல்கிறார். உண்மையா? அசலா போலியா என்று வீட்டிலேயே பார்க்க முடியுமா? தண்ணீரில் ஊறவைத்துப் பிரித்து விற்கலாமா?

பதில்: கடைசிக் கேள்விக்கு முதலில். ஊறவைக்காதீர்கள். 1880-களின் பிரிட்டிஷ் பச்சை, ஊதா மைகள் வேண்டுமென்றே தண்ணீரில் கரையும்படி தயாரிக்கப்பட்டவை. அஞ்சலகம் அடித்த முத்திரையைக் கழுவிவிட்டு மறுபடி ஒட்டுகிறவர்களைத் தடுக்கத்தான் அந்த ஏற்பாடு. உங்கள் 9 பென்னியை ஐந்து நிமிடம் தண்ணீரில் போட்டால் மங்கல் பச்சை வெளிறி மஞ்சள் தட்டிவிடும், விலையும் அதோடு போகும். உறைத் துண்டோடு இருப்பதை அப்படியே விடுங்கள். முழு உறையோ பார்சல் சீட்டோ இருந்தால் கத்தரிக்கோலையே கிட்டக் கொண்டுபோகாதீர்கள்.

நண்பர் சொல்லும் அரிய தலை வேறு. அது ஏழாம் எட்வர்டு தலை பதித்த ஊதா 6 பென்னி. அது வெளிவந்தது 1904 மே 14. அரசுத் துறைகளுக்கென்று எழுத்து ஏற்றிய தபால்தலைகள் அனைத்தும் திரும்பப் பெறப்பட்டதும் அதே நாள். அதனால்தான் பல லட்சம் பவுண்டு. உங்களிடம் இருப்பது 1901-இல் வந்த விக்டோரியா, செந்நிறத் தாளில் ஊதா அச்சு. அசலாக இருந்தால் அதுவும் மட்டமான தலை இல்லை, கவனமாகப் பார்க்க வேண்டியதுதான். ஆனால் லட்சக் கணக்கு அதற்குப் பொருந்தாது. இணைய ஏலங்களில் எட்வர்டு 6 பென்னி 'ஐ.ஆர்.' என்று சில நூறு ரூபாய்க்கு வருவதெல்லாம், சாதாரண 6 பென்னியில் பிறகு எழுத்து ஏற்றியவை என்றே வைத்துக்கொள்ளலாம்.

1882-க்கு முன்பு அரசு அலுவலகங்கள் சாதாரணத் தபால்தலையையே வாங்கி ஒட்டின; காசு மூன்று மாதத்துக்கு ஒருமுறை திரும்பக் கிடைத்தது. பிறகு துறைக்கென்று தனியாக அச்சடித்துக் கொடுத்தார்கள். உள்நாட்டு வரித் துறைக்கு (இன்லேண்ட் ரெவின்யூ) 'ஐ.ஆர். அஃபிஷியல்' 1882-இலிருந்து, அரசுப் பார்சல்களுக்கு 'கவ்ட் பார்சல்ஸ்' 1883-இலிருந்து, பொதுப்பணித் துறைக்கு 'ஓ.டபிள்யூ. அஃபிஷியல்', ராணுவத்துக்கு 'ஆர்மி அஃபிஷியல்' இரண்டும் 1896-இலிருந்து. கல்வி வாரியம், அரண்மனை அலுவலகம் ('ஆர்.எச். அஃபிஷியல்') இரண்டும் 1902. கடற்படைக்கு 'அட்மிரால்டி அஃபிஷியல்' 1903. இவை அஞ்சலகக் கவுன்ட்டரில் விற்கப்படவில்லை. துறைகளுக்கு மட்டும் கொடுத்த இந்த முறையில் முறைகேட்டுக்கு இடம் இருந்ததால்தான் 1904 மே மாதம் முழுவதுமாக நிறுத்தினார்கள்.

போலியைக் கண்டுபிடிக்க எல்லோரும் முதலில் மேலே இருக்கும் கறுப்பு எழுத்தைப் பார்க்கிறார்கள். நான் சொல்வது, அடியிலிருக்கும் தபால்தலையை முதலில் பாருங்கள். போலி செய்கிறவன் எழுத்தைப் பார்த்துப் பார்த்துச் செதுக்குவான். எந்தத் தலையின் மேல் அச்சடிக்கிறோம் என்பதில்தான் கோட்டை விடுவான். பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ் ஒன்று, மில்லிமீட்டர் ஸ்கேல் ஒன்று, சாய்வாக விழும் வெளிச்சம், இவை போதும்.

ஊதா 1 பென்னியை எடுங்கள். நான்கு மூலைகளிலும் சிறு முத்துப்போல் புள்ளிகள் தெரியும். முத்திரை படாத மூலை ஒன்றைத் தேர்ந்து எண்ணுங்கள். 1881 ஜூலையில் வந்த முதல் அச்சில் மூலைக்கு 14 புள்ளி, அதே ஆண்டு டிசம்பரில் வந்த இரண்டாவதில் 16. ஊதா 1 பென்னி அரசுத் தலைகள் எல்லாமே 16 புள்ளித் தலையில் அச்சானவை. 14 புள்ளியின் மேல் 'ஐ.ஆர். அஃபிஷியல்' இருந்தால் எழுத்து எவ்வளவு அழகாக இருந்தாலும் போலி. எண்ணும்போது ஊசி முனையால் தலையைத் தொடாதீர்கள். 1200 டிபிஐ-யில் ஸ்கேன் எடுத்துத் திரையில் எண்ணுவது நல்லது.

எட்வர்டு அரைப் பென்னிக்கு நிறம்தான் சாட்சி. 1902-இல் வந்தது நீலம் கலந்த பச்சை. மஞ்சள் கலந்த பச்சைக்கு மாறியது 1904 நவம்பரில், அதாவது அரசுத் தலைகள் நின்று ஆறு மாதம் கழித்து. மஞ்சள் பச்சையில் 'ஆர்மி அஃபிஷியல்' இருக்க வழியே இல்லை. டியூப்லைட்டில் பார்த்து முடிவு செய்யாதீர்கள். காலை வெளிச்சத்தில், 1905-க்குப் பிறகு முத்திரை விழுந்த சாதாரண அரைப் பென்னி ஒன்றைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வித்தியாசம் பளிச்சென்று தெரியும். பழைய தலையில் வெயில் பட்டு நீலம் போயிருக்கவும் கூடும் என்பதால், நிறம் மட்டும் சந்தேகம் எழுப்பினால் உடனே தூக்கிப் போட வேண்டாம்.

ஓரத் துளைகளையும் எண்ணிவிடுங்கள். இந்தத் தலைகள் அனைத்தையும் அச்சடித்ததும், மேலெழுத்து ஏற்றியதும் தாமஸ் டி லா ரூ நிறுவனம். நான்கு பக்கமும் 2 சென்டிமீட்டருக்கு 14 துளை. மேலும் கீழும் 15, பக்கவாட்டில் 14 என்று துளையிட்ட எட்வர்டு தலைகள் 1911-இல் ஹாரிசன் நிறுவனம் அச்சடித்தவை. ஐந்தாம் ஜார்ஜ் தலையில் இந்தத் துறை எழுத்துகள் ஏதாவது தென்பட்டால் போலி என்பதில் கேள்வியே இல்லை.

அடுத்துத்தான் எழுத்து. டி லா ரூ மேலெழுத்து உலோக எழுத்தை அழுத்தி அச்சடித்தது. லென்ஸில் பார்த்தால் எழுத்தின் விளிம்பில் மை சற்று அடர்த்தியாக ஒதுங்கியிருக்கும். தலையைத் திருப்பிச் சாய்வெளிச்சத்தில் பிடித்தால் பல நேரம் பின்பக்கத்தில் லேசான புடைப்பும் தெரியும். லேசர் பிரிண்டரில் ஏற்றிய எழுத்து பிளாஸ்டிக் போல மினுங்கும். இங்க்ஜெட் மை தாளின் நாரோடு ஊறி விளிம்பில் கசிந்திருக்கும். ரப்பர் முத்திரை என்றால் எழுத்தின் நடுவில் திட்டுத்திட்டாக மை இருக்காது.

பயன்படுத்திய தலையில் ஒரு சோதனை பெரும்பாலும் தீர்ப்பே சொல்லிவிடும். மேலெழுத்தும் தபால் முத்திரையும் வெட்டிக்கொள்ளும் இடத்தைப் பாருங்கள். அசலில் எழுத்து முதலில், முத்திரை அதன் மேல். போலியில் பழைய முத்திரையின் மேல் புது எழுத்து ஏறியிருக்கும். இரண்டும் கறுப்பாக இருந்தால் கண்ணுக்குக் குழப்பும். பல கோணங்களில் வெளிச்சத்தை மாற்றிப் பார்க்க வேண்டும். முத்திரையில் தேதி படிக்க முடிந்தால் இன்னும் நல்லது: 1894 தேதியோடு 'ஆர்மி அஃபிஷியல்' என்றால் அந்த எழுத்து அப்போது பிறக்கவே இல்லை.

எழுத்தின் அளவை ஒப்பிட ஒரு மலிவான வழி உண்டு. பயன்படுத்திய ஊதா 'ஐ.ஆர்.' 1 பென்னி, இந்த வகையிலேயே சல்லிசாகக் கிடைப்பது. 16 புள்ளி இருப்பதைப் பார்த்து நம்பகமான வியாபாரியிடம் ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். இரண்டையும் ஒரே ஸ்கேனில் எடுத்து, எழுத்து உயரத்தையும் இடைவெளியையும் ஒன்றன் மேல் ஒன்று வைத்துப் பாருங்கள். ஒரு துறையின் எழுத்தை வேறு துறையின் எழுத்தோடு ஒப்பிடக் கூடாது. அட்மிரால்டிக்கோ இரண்டு எழுத்து வகை உண்டு, 'எம்' எழுத்தின் வடிவம் வேறுபடும்.

'கவ்ட் பார்சல்ஸ்' தலையில் 'டி' சிறியதாக மேலே ஏறி, அதற்குக் கீழ் ஒரு புள்ளி இருக்கும். புள்ளி இல்லையென்றதும் போலி என்று ஒதுக்கிவிடாதீர்கள். அச்சுத் தாளில் குறிப்பிட்ட சில இடங்களில் புள்ளியே விழவில்லை. அதைத் தபால்தலை விலைப் பட்டியலான கேட்லாக் தனி வகையாகவே பட்டியலிட்டுக் கூடுதல் விலை போடுகிறது. 'ஆர்மி அஃபிஷியல்' எழுத்தில் கடைசி 'எல்' தேய்ந்து 'ஐ' போலத் தெரிவதும் அப்படியொரு பெயர்போன பிழை. இதைப் போலி செய்வது சுலபம், 'எல்'லின் காலைச் சுரண்டினால் போதும். அந்த இடத்தில் தாள் நார் எழும்பியிருக்கிறதா என்று பாருங்கள்.

மேலெழுத்து உள்ள எல்லாமே துறைத் தலைகள் அல்ல. 'லெவன்ட்', 'மொராக்கோ ஏஜென்சீஸ்' என்று எழுத்து இருந்தால் அவை வெளிநாட்டிலிருந்த பிரிட்டிஷ் அஞ்சலகங்களுக்கு, 'கான்ட்ராக்ட் நோட்', 'ஜுடிகேச்சர் ஃபீஸ்' எல்லாம் வரி, நீதிமன்றக் கட்டணத் தலைகள். ஆல்பத்தில் இந்தியத் தலைகளும் இருந்தால் 'சர்வீஸ்', 'ஆன் எச்.எம்.எஸ்.' கண்ணில் படலாம். 1866-இலும் 1874-இலும் தொடங்கிய அந்த இந்திய வரிசைகளுக்கு மேலே சொன்ன சோதனைகள் பொருந்தாது.

இனி விலை. தபால்தலை வியாபார நிறுவனமான ஸ்டான்லி கிப்பன்ஸின் பிரிட்டன் கேட்லாகில் இந்தத் தலைகளின் எண் 'ஓ' என்ற எழுத்தோடு தொடங்கும். அதிலுள்ள விலை, குறையில்லாத தலையைக் கடைக்காரர் சில்லறையில் விற்கும் விலை. நீங்கள் விற்கும்போது அதில் மூன்றில் ஒரு பங்கு வந்தாலே நல்ல பேரம். ராணுவத்தின் அரைப் பென்னி, 1 பென்னி, வரித் துறையின் சிறு மதிப்புகள் சாதாரணமாகக் கிடைப்பவை. உங்கள் ஊதா 1 பென்னிக்கும் அரைப் பென்னிக்கும் பெரிதாக எதிர்பார்க்க வேண்டாம். கல்வி வாரியம், அரண்மனை இரண்டின் எல்லாத் தலைகளும், பொதுப்பணித் துறையின் 5, 10 பென்னிகளும் விலை கூடியவை. போலிகள் மொய்ப்பதும் அங்கேதான்.

உங்கள் 9 பென்னி எவ்வளவு பெறும் என்பது முத்திரையைப் பொறுத்தது. பார்சல் தலைகளை அப்பிப் பூசினாற்போல் முத்திரையடித்தார்கள். ராணியின் முகம் தெளிவாகத் தெரியும்படி லேசான முத்திரையும், வெளிறாத பச்சையும் இருந்தால் அது அபூர்வம். ஓரம் கிழிந்தது, மடிப்பு விழுந்தது, பின்பக்கம் தாள் மெலிந்தது என்றால் விலை பத்தில் ஒரு பங்காகக்கூட இறங்கும். முத்திரையே இல்லாத தலை என்றால் பசையைப் பாருங்கள். பசை ஓரத் துளைகளின் நாருக்குள் இறங்கி விறைத்திருந்தால் பிற்காலத்தில் பூசியது.

சான்றிதழ் எல்லாவற்றுக்கும் வாங்க வேண்டியதில்லை, கட்டணமும் தபால் செலவும் தலையின் விலையைத் தாண்டிவிடும். உங்களுடையவற்றில் செந்நிறத் தாள் 6 பென்னி ஒன்றுக்குத்தான் அது பொருந்தும். தபால்தலைச் சேகரிப்பாளர் சங்கமான லண்டன் ராயல் ஃபிலடெலிக் சொசைட்டியின் நிபுணர் குழு புகைப்படத்தோடு சான்று தருகிறது. அனுப்புமுன் சென்னையிலுள்ள தென்னிந்திய ஃபிலடெலிஸ்ட்ஸ் சங்க உறுப்பினர் யாரிடமாவது காட்டி, எழுத்து முத்திரைக்கு அடியிலா மேலா என்று இன்னொரு ஜோடிக் கண்ணால் பார்த்துக்கொள்ளுங்கள். மேலே என்று இரண்டு பேருக்கும் தோன்றினால் கட்டணம் மிச்சம்.