பொட்டி கட்டுறதுக்கு முன்னாடி: டெக்சாஸ் அக்கா பதில்கள்

இந்த மாசம் வந்த கேள்விகள்ல நிறைய டாலஸ் பக்கத்து ஊருங்களைப் பத்திதான். ப்ளேனோ, ஃப்ரிஸ்கோ, அர்விங்னு ஆளாளுக்கு ஒரு பேர் சொல்லி கேட்டிருக்கீங்க. அதனால இந்த தடவை பக்கம் முழுக்க அதுக்கே விட்டாச்சு. நியூஜெர்சி, கலிஃபோர்னியா போறவங்க கோச்சுக்காதீங்க, படிச்சு வச்சுக்கோங்க, ஆனா ஸ்டேட் மாறினா ரூல் மாறும்ங்கிறதை மறந்துடாதீங்க.

அக்கா, வீட்டுக்காரருக்கு எல்-1 விசாவுல ப்ளேனோவுக்கு மாத்தல் வந்திருக்கு. ஜூலைல கிளம்பணும். பெரியவனுக்கு 9 வயசு, சின்னவளுக்கு அக்டோபர்ல 5 முடியுது. எல்லாரும் ஒண்ணா போறதா, இல்ல அவரை முன்னாடி அனுப்புறதா? ஸ்கூலுக்கு இங்கிருந்தே அப்ளை பண்ணலாமா?
வாசகி, கோயம்புத்தூர்

அவரை முன்னாடி அனுப்புங்கம்மா, மூணு நாலு வாரம் போதும். ஏன்னா அங்க எல்லாமே வீட்டு அட்ரஸ்ல இருந்துதான் ஆரம்பிக்கும். நம்மூர் மாதிரி நல்ல ஸ்கூலா தேடி, ஃபார்ம் வாங்கி, டொனேஷன் கட்டி, தெரிஞ்சவங்களை புடிச்சு சேக்கிற கதையெல்லாம் இல்ல. கவர்மென்ட் ஸ்கூல் 12-வது வரைக்கும் ஃப்ரீ, ஆனா எந்த ஸ்கூல்னு முடிவு பண்றது நீங்க குடியிருக்கிற வீடு. இதுல இன்னொரு கூத்து என்னன்னா ஊர் எல்லையும் ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட் (அந்தந்த பகுதி கவர்மென்ட் ஸ்கூல்களை நடத்துற அமைப்பு) எல்லையும் ஒண்ணு கிடையாது. லெட்டர்ல ப்ளேனோன்னு இருக்கும், ஆனா புள்ள ஃப்ரிஸ்கோ டிஸ்ட்ரிக்ட் ஸ்கூலுக்கு போவான், ப்ளேனோவோட சில பகுதி லூயிஸ்வில் டிஸ்ட்ரிக்ட்லயும் வரும். அதனால அபார்ட்மென்ட்காரங்க "குட் ஸ்கூல்ஸ் சார்"னு சொன்னா தலையாட்டிட்டு வந்துடாம, டிஸ்ட்ரிக்ட்டோட சைட்ல அந்த அட்ரஸை போட்டு எந்த ஸ்கூல் வருதுன்னு பாத்துட்டு லீஸ்ல, அதாவது வாடகை ஒப்பந்தத்துல, கையெழுத்து போடச் சொல்லுங்க.

வீடு புடிக்கவும் அவர் நேர்ல இருக்கிறதுதான் நல்லது. நிறைய அபார்ட்மென்ட்ல வாடகையை மாதிரி மூணு மடங்கு சம்பளம் இருக்கான்னு பாப்பாங்க, புதுசா வர்றவங்களுக்கு கிரெடிட் ஹிஸ்டரியே இருக்காது, இந்தியாவுல எத்தனை லோன் ஒழுங்கா கட்டியிருந்தாலும் அது அங்க கணக்குல வராது. ஆஃபர் லெட்டரை காட்டி, கொஞ்சம் டெபாசிட் கூட கட்டினா பெரும்பாலும் ஒத்துக்குவாங்க. கரண்ட் கனெக்ஷனும் நம்ம ஈபி ஆபீஸ் மாதிரி ஒரே இடம் இல்ல, டாலஸ் பக்கம் பெரும்பாலான எடத்துல எந்த கம்பெனிகிட்ட கரண்ட் வாங்கணும்னு நாமளே செலக்ட் பண்ணணும். அந்த லீஸும் கரண்ட் பில்லும்தான் ஸ்கூல்ல கேக்குற வீட்டு ஆதாரம். இன்னொண்ணு, லீஸ்ல உங்க பேரும் இருக்கணும்னு இப்பவே அவர்கிட்ட சொல்லி வைங்க. ஏன்னு அடுத்த பதில்ல வருது.

சின்னவ விஷயம் கவனமா படிங்க. டெக்சாஸ்ல செப்டம்பர் 1-ஆம் தேதிக்குள்ள 5 வயசு முடிஞ்சிருந்தாதான் கிண்டர்கார்டன். அக்டோபர்னா இந்த வருஷம் கிடையாது. இங்க யூகேஜி படிச்சா, ரைம்ஸ் எல்லாம் சொல்லுவான்னு சொல்றதெல்லாம் சாதாரணமா எடுபடாது. தனியார் டே கேர்ல போட்டா மாசா மாசம் இன்னொரு வாடகை கட்டுற மாதிரி ஆகும். ஆனா நிறைய பேருக்கு தெரியாத ஒண்ணு: 4 வயசு புள்ளைங்களுக்கு ப்ரீ-கேன்னு ஃப்ரீ வகுப்பு இருக்கு, எல்லாருக்கும் இல்ல, சில தகுதி இருக்கிறவங்களுக்கு மட்டும். அதுல ஒரு தகுதி, புள்ளைக்கு இங்கிலீஷ் பேசிப் புரிஞ்சுக்க வராம இருக்கிறது. வீட்ல தமிழ்தான் பேசுவோம்னு சொல்லுங்க, டெஸ்ட் வச்சு பாப்பாங்க. நம்ம ஆளுங்க கௌரவத்துக்காக "ஷி ஸ்பீக்ஸ் குட் இங்கிலீஷ்"னு சொல்லியே இதை கோட்டை விடுறாங்க.

தடுப்பூசி கார்டு ரொம்ப முக்கியம். கிண்டர்கார்டன்லேருந்து மேல, சின்னம்மை ஊசி வேரிசெல்லா ரெண்டு டோஸ், ஹெபடைட்டிஸ் ஏ ரெண்டு டோஸ் கேப்பாங்க. இது ரெண்டும் நம்ம கவர்மென்ட் ஆஸ்பத்திரி அட்டவணையில இல்ல, பிரைவேட் டாக்டர்கிட்ட போட்டிருந்தாதான் உண்டு. ஹெபடைட்டிஸ் ஏ ரெண்டு டோஸுக்கும் நடுவுல 6 மாசம் இடைவெளி வேணும், அதனால முதல் ஊசியையாவது போட்டுட்டு கிளம்புங்க, அடுத்ததுக்கு நாள் வர்ற வரைக்கும் தற்காலிகமா சேத்துக்குவாங்க. டாக்டர்கிட்ட எல்லாத்தையும் ஒரே லெட்டர்ல டைப் பண்ணி வாங்குங்க, தேதியில மாசத்தை எழுத்துல போடச் சொல்லுங்க. 5/8-னு இருந்தா நமக்கு ஆகஸ்ட் 5, அவங்களுக்கு மே 8. நர்ஸ் அதை பாத்து குழம்பினா மறுபடி ஊசி குத்துவாங்க, பாவம் புள்ள.

நான் சென்னையில பேங்க்ல 11 வருஷமா வேலை பாக்குறேன். கணவருக்கு ஹெச்-1பி. லீவு போட்டுட்டு போகலாமா, ராஜினாமாவா? அங்க எனக்கு வேலை கிடைக்குமா? வீட்லயே அடைஞ்சு கிடக்கணுமோன்னு பயமா இருக்கு.
வாசகி, மேற்கு மாம்பலம்

சம்பளமில்லா லீவு கிடைக்கும்னா அதை போடுங்க, முதல் வருஷம் ராஜினாமா பண்ணாதீங்க. ஹெச்-4ல, அதாவது ஹெச்-1பி காரங்களோட குடும்பத்துக்கான விசாவுல, வர்றவங்களுக்கு வந்த உடனே வேலை பாக்க அனுமதி கிடையாது. 2015-ல வந்த ரூல்படி, கணவரோட கிரீன் கார்டு ப்ராசஸ்ல ஐ-140ங்கிற மனு அப்ரூவ் ஆயிருந்தாலோ, அவர் ஹெச்-1பியில 6 வருஷம் தாண்டி எக்ஸ்டென்ஷன்ல இருந்தாலோதான் ஈஏடிங்கிற வேலை அனுமதி கார்டுக்கு அப்ளை பண்ண முடியும். அதுவரைக்கும் சோஷியல் செக்யூரிட்டி நம்பரும் வராது, டாக்ஸ் ஃபைல் பண்ணும்போது ஐடிஐஎன்னு ஒரு நம்பர் வாங்கிக்கலாம், அவ்ளோதான். (மேல கேட்ட கோயம்புத்தூர் அம்மாவுக்கு கொடுத்து வச்சிருக்கு. எல்-2ல, அதாவது எல்-1காரரோட மனைவியாவோ கணவராவோ வர்றவங்க, 2021 நவம்பர்லேருந்து தனி கார்டு இல்லாமலே வேலை பாக்கலாம், ஐ-94ல (நாட்டுக்குள்ள நுழைஞ்சதுக்கான பதிவு) எல்-2எஸ்னு போட்டிருக்கான்னு மட்டும் பாத்துக்கோங்க.) அதனால ஆஃபர்ல கையெழுத்து போடும் முன்னாடி உங்க வீட்டுக்காரர் கம்பெனிகிட்ட, கிரீன் கார்டு எப்போ ஆரம்பிப்பீங்கன்னு எழுத்துல கேக்கட்டும். அது அவருக்கான கேள்வின்னு நினைக்காதீங்க, உங்க வேலைக்கான கேள்வி. ஹெச்-4ல படிக்கலாம், அதுக்கு தடை இல்ல.

அடைஞ்சு கிடக்கிற பயம் நியாயமானது, ஆனா அதுக்குக் காரணம் விசா இல்ல, கார். மேற்கு மாம்பலத்துல கீழ இறங்கினா காய்கறிக்கடை, பூக்காரம்மா, ஆட்டோ. ஃப்ரிஸ்கோவுல கீழ இறங்கினா பார்க்கிங். பால் வாங்கக்கூட ஆறு லேன் ரோட்டை தாண்டணும், வெயில் காலத்துல 40 டிகிரில நடந்து போறவங்களை பாத்தா கார்ல போறவங்க இரக்கப்பட்டு பாப்பாங்க. கணவர் சாயங்காலம் வந்து கூட்டிட்டு போவார்னு காத்துக்கிட்டு இருந்தா ரெண்டு மாசத்துல வீட்ல சண்டை வரும், நான் பாத்த குடும்பங்கள்ல பாதி சண்டை இதுதான். அதனால வீட்டுக்கு சோபா வாங்குறதுக்கு முன்னாடி உங்க லைசென்ஸ்.

நம்மூர் லைசென்ஸை வச்சு டெக்சாஸ்ல குடியேறி 90 நாள் வரைக்கும் ஓட்டலாம், அப்புறம் டெக்சாஸ் லைசென்ஸ் வேணும். லைசென்ஸ் கொடுக்கிற டிபிஎஸ் ஆபீஸ்ல அப்பாயின்ட்மென்ட் சட்டுன்னு கிடைக்காது, வந்த வாரமே போட்டுடுங்க. அங்க வீட்டு அட்ரஸ் ஆதாரம் ரெண்டு கேப்பாங்க, லீஸ்ல உங்க பேர் இருக்கணும்னு சொன்னது இதுக்குத்தான். பேர் இல்லாம போனவங்க கல்யாண சர்ட்டிஃபிகேட்டை காட்டி கணவரோட பில்லை கொடுப்பாங்க, அதனால அந்த சர்ட்டிஃபிகேட்டை செக்-இன் பொட்டியில போடாம கைப்பையில வைங்க. எழுத்து டெஸ்ட் 30 கேள்வி, 21 சரியா இருந்தா பாஸ். ரோடு டெஸ்ட்டுக்கு காரும் இன்ஷூரன்ஸும் நாமளே கொண்டு போகணும். பேரலல் பார்க்கிங் உண்டு. நம்மாளுங்க கோட்டை விடுறது ஸ்டாப் போர்டுலதான், ரோட்ல ஈ காக்கா இல்லைன்னாலும் சக்கரம் முழுசா நின்னாகணும், லேசா உருண்டா போச்சு. ஸ்கூல் பஸ் சிவப்பு லைட் போட்டு நின்னா, ரோட்டுக்கு நடுவுல தடுப்பு இல்லைன்னா எதிர்ப்பக்கம் வர்ற நீங்களும் நிக்கணும், நிக்காம போனா அபராதமே 500 டாலர்லதான் ஆரம்பிக்குது.

மாமியார் 40 கிலோ லிஸ்ட் போட்டிருக்காங்க. மிக்ஸி, கிரைண்டர், பொன்னி அரிசி, கறிவேப்பிலை... எதை எடுக்கலாம்?
வாசகி, மதுரை

அரிசி வேண்டாம், கறிவேப்பிலை வேண்டவே வேண்டாம். அரிசியில கப்ரா வண்டு, கறிவேப்பிலையில எலுமிச்சை மரத்தை கெடுக்கிற பூச்சின்னு ரெண்டையும் ஏர்போர்ட்ல எடுத்து குப்பையில போடுவாங்க. மறைச்சு கொண்டு போனா அபராதம். மசாலா பொடி, ஊறுகாய், அப்பளம் எடுத்துக்கோங்க, ஆனா சாப்பாட்டு சாமான் இருக்கான்னு கேட்டா இருக்குன்னு சொல்லிடுங்க. மிக்ஸி கிரைண்டர் நம்மூர் 230 வோல்ட், அங்க 120. அங்க ஓடுற 110 வோல்ட் மாடலே நம்ம பிராண்டுகள்ல இருக்கு, அங்கயே வாங்குங்க. குக்கர் எடுக்கலாம். மாமியார்கிட்ட இதையும் சொல்லிடுங்க, நிறைய அபார்ட்மென்ட்ல அடுப்புக்கு மேல இருக்கிற ஃபேன் புகையை வெளிய தள்ளாது, வடிகட்டி திரும்ப சமையலறைக்குள்ளயே விடும். மிளகாய் கிள்ளி தாளிச்சா ஸ்மோக் அலாரம் கத்தும். ஜன்னலை திறந்துட்டு தாளிங்க, வாசக்கதவை திறக்காதீங்க, காரிடார்ல இருக்கிற அலாரமும் சேந்துக்கும்.

கம்பெனி ரீலொகேஷனுக்கு 10,000 டாலர் தர்றாங்களாம். போதுமா?
வாசகர், திருச்சி

கைக்கு 10,000 வராது தம்பி. 2018-லேருந்து அந்த பணத்தையும் சம்பளமா எண்ணி டாக்ஸ் புடிச்சிடுறாங்க. "கிராஸ்-அப் உண்டா"ன்னு ஹெச்ஆர்கிட்ட கேளுங்க, அப்படின்னா அந்த டாக்ஸை கம்பெனியே ஏத்துக்கும். ஹெல்த் இன்ஷூரன்ஸ் ஃபார்மையும் சேந்த வாரமே போடுங்க, பெரும்பாலான கம்பெனில 30 நாள்தான் டைம், விட்டா அடுத்த ஓப்பன் என்ரோல்மென்ட் (வருஷத்துக்கு ஒரு தடவை பேர் சேக்கிற சமயம்) வரைக்கும் பொண்டாட்டி புள்ளைங்களுக்கு கவர் கிடையாது.

சிங்கப்பூர்லேருந்து ஃப்ரிஸ்கோ போறோம். பொண்ணு இங்க ஸ்கூல்ல தமிழ் படிக்கிறா. அங்க என்ன பண்றது?
வாசகர், சிங்கப்பூர்

ஸ்கூல் பாடமா தமிழ் கிடைக்கிற வசதியை விட்டுட்டு வர்றீங்க, அது இழப்புதான், சமாளிச்சுப் பேச விரும்பல. டாலஸ் பக்கம் வார இறுதி தமிழ்ப் பள்ளிகள் இருக்கு, பெத்தவங்களே வாத்தியாரா நிக்கிறாங்க, அமெரிக்கத் தமிழ்க் கல்விக்கழகத்தோட புத்தகங்களை வச்சு நடத்துறவங்களும் உண்டு. மெட்ரோப்ளெக்ஸ் தமிழ்ச் சங்கத்துல விசாரிச்சா பக்கத்துல எதுன்னு சொல்வாங்க. உங்க பொண்ணு லெவலுக்கு கீழ் வகுப்புல போட்டா சலிச்சுப் போகும், மேல் வகுப்பு கேளுங்க. அப்புறம் எம்ஆர்டி பழக்கத்துல இருக்கீங்க, ஃப்ரிஸ்கோவுக்கு டாலஸோட டார்ட் ரயில் கிடையாது, ரெண்டு கார் செலவை இப்பவே கணக்குல போட்டுடுங்க. மாசத்தோட முதல் புதன்கிழமை மத்தியானம் சங்கு மாதிரி ஒண்ணு ஊரெல்லாம் ஊதும், யுத்தம்னு நினைச்சுடாதீங்க, டொர்னேடோ சைரனை டெஸ்ட் பண்றாங்க. வேற நாள்ல ஊதினா மட்டும் ஜன்னல் இல்லாத பாத்ரூமுக்குள்ள எல்லாரும் போயிடுங்க.

அம்மாவுக்கு 68 வயசு, தனியா இருக்காங்க. எங்களோடயே கூட்டிட்டுப் போயிடலாமா?
வாசகர், தஞ்சாவூர்

டிபெண்டன்ட் விசாவுல பெத்தவங்க வர மாட்டாங்க. பி-2 விசிட்டர் விசாதான், பொதுவா ஒரு தடவைக்கு 6 மாசம் வரைக்கும் தங்க விடுவாங்க, எத்தனை நாள்னு ஏர்போர்ட் ஆபீசர் முடிவு பண்ணுவார். முதல் நாளே கூட்டிட்டு போகாதீங்க, நீங்களே இடம் புரியாம அலையும்போது அவங்க நாலு சுவத்துக்குள்ள பேச ஆளில்லாம உக்காந்திருப்பாங்க. நீங்க செட்டில் ஆகி, உங்க மனைவி கார் ஓட்ட ஆரம்பிச்சு, கோயிலுக்கும் லைப்ரரிக்கும் கூட்டிட்டு போக முடியும்ங்கிற நிலை வந்தப்புறம் கூப்பிடுங்க. அக்டோபர்ல வந்தா வெயில் அடங்கியிருக்கும், முழங்கால் வலிக்காரங்களுக்கு நடக்க தோதா இருக்கும். விசிட்டர் இன்ஷூரன்ஸ் எடுத்தாலும் ஏற்கனவே இருக்கிற சுகர், பிரஷருக்கு பெரும்பாலும் கவர் இருக்காது. அதனால தங்குற நாளுக்கு தேவையான மாத்திரையை டாக்டர் சீட்டோட, கடை அட்டையை பிரிக்காம, கைப்பையில கொண்டு வரச் சொல்லுங்க.